நான் மாற்றச் சொன்ன கடைசி அத்தியாயம்

பாக்கியம், எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு தரம் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்க, ஒரு தரம் மழை விட்டதா என்று பார்க்க, மூன்றாவது தரம் எதற்கென்று எனக்கே தெரியவில்லை. “இந்த லயத்துல வரிசையா எல்லா வீட்டுக்கும் காயிதம் எழுதிக் குடுக்குற மனுசன், பெத்த மகளுக்கு எழுத இந்தப் பாடு படுறீங்களே” என்று உன் அம்மா சிரிக்கிறாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். லீவு முடிந்து நீ கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் பஸ் ஏறும்போது என் கையில் உன் கதை எழுதிய காகிதக் கட்டைக் கொடுத்தாய். “இன்னைக்குத் தபால் கந்தோர் பூட்டுப்பா, நாளைக்குப் பதிவுத் தபால்ல போட்டுருங்க” என்று சொன்னாய். நானும் மாடு மாதிரித் தலையாட்டினேன். இன்றைக்குப் பதினெட்டு நாள் ஆகிறது. அதற்குள் இரண்டு முறை ஹட்டனுக்குப் போய்த் தபால் கந்தோர் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். கட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் அதைப் போடவில்லை.

கோபப்படாமல் முழுக்கப் படி. இதை நான் ஒளித்து வைத்து எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னோடு பூண்டுலோயாப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மற்ற ஆசிரியர்களிடம் காட்ட வேண்டுமென்றாலும் காட்டு. நான் சொன்ன பொய்யை ஊரே கேட்டது. உண்மையை மட்டும் ஏன் உறைக்குள் ஒட்டி அனுப்ப வேண்டும்?

உன் கதையை நான் முதலில் படித்தபோது என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்கிற கதை, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாய். கால் விளங்காத ஒரு சின்னப் பெண் கம்பு ஊன்றிப் பள்ளிக்கூடம் போகிறாள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் ஓடிப்போகிற தூரத்துக்கு அவளுக்கு அரைமணி நேரம் வேண்டும். அதனால் அவள் எல்லோருக்கும் முன்னால் கிளம்புகிறாள், எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேருகிறாள். முதலில் வருகிற பிள்ளைதான் மணி அடிக்க வேண்டும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். கடைசி அத்தியாயத்தில் அவள் மணி அடிக்கிறாள், தூரத்தில் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் விழுந்தடித்து ஓடி வருகிறார்கள். கால் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அழுகை இல்லை. படித்து முடித்ததும் நான் தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போய்விட்டேன். வாட்டுகிற மாடியில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டே அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து, நீ கதையை அனுப்பியிருந்த பதிப்பாளரின் கடிதம் வந்தது. கதை நன்றாக இருக்கிறது, அச்சில் போடுகிறோம், ஆனால் குழந்தைகள் மனம் சந்தோஷப்பட வேண்டாமா, கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கால் குணமாகட்டும், ஒரு திருவிழாக் காட்சி வைத்தால் இன்னும் சிறப்பு என்று எழுதியிருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரியும்? நீ என்னைக் கேட்டாய். “அப்பா, என்ன செய்யட்டும்?” என்று கேட்டாய். இருபது வயசுப் பெண், சொந்தமாகச் சம்பாதிக்கிறவள், என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. “மாத்திக் குடுத்துரு புள்ள. ஒரு அத்தியாயந்தானே. அச்சுல பேரு வரட்டும்” என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு லீவு முழுக்க இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினாய்.

இப்போது பழையதைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயிலிருந்து நீ கேட்டதில்லை. நாடு சுதந்திரம் அடைந்த வருடம் உனக்கு மூன்று வயது. ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இடது காலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் ஐயா ஒரு கம்பைக் கொடுத்து நடக்கச் சொன்னார். நீ அந்தக் கம்போடு அழகாக நடந்தாய். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், ஆனாலும் சொல்கிறேன், படியில் நீ ஏறுகிற வேகத்துக்கு நான் மூச்சு வாங்கத்தான் வர வேண்டியிருந்தது. உனக்குக் கதை என்றால் உயிர். பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒரு மரப்பெட்டி நிறையக் கதைப் புத்தகம் வைத்திருந்தார், நான் வாரத்துக்கு ஒன்று வாங்கி வந்து உனக்குப் படித்துக் காட்டுவேன்.

அந்தப் பெட்டியில் இருந்த புத்தகங்களில் கால் இல்லாதவனும் கண் இல்லாதவனும் வராமல் இல்லை. வந்தார்கள். ஒன்றில் கூனி, ஊரைக் கெடுக்கிறவள். ஒன்றில் குருடன், கிணற்றில் விழுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒன்றில் நொண்டிப் பிச்சைக்காரன், ராஜா அவனுக்குக் காசு போட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறார். நான் அந்த இடம் வந்தால் தாண்டிவிடுவேன். பக்கத்தைத் திருப்பிவிட்டு வாயில் வந்ததைச் சொல்வேன். பிறகு நீயே படிக்கக் கற்றுக்கொண்டாய். நான் தாண்டிய பக்கங்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தாய். கடைசியாக ஒரு கதை கிடைத்தது உனக்கு, அதில் ஒரு நொண்டிப் பெண் நல்லவளாக இருக்கிறாள், பொறுமையாக இருக்கிறாள், அதற்குப் பரிசாகச் சாமி வந்து காலைக் கொடுத்துவிடுகிறது. அதைத்தான் படிக்கலாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். நீ புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாய். “அப்பா, நல்ல புள்ளையா இருந்தா காலு சரியாயிருமா? அப்ப நான் கெட்ட புள்ளையா?”

உனக்கு ஏழு வயது. பதில் சுலபம், இப்போது சொல்லலாம், ‘அந்தக் கதை எழுதினவனுக்குத் தெரியாது’ என்று. அன்றைக்கு வரவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கதை பொய் என்று சொல்வதற்குப் பதிலாக, கதையை உண்மையாக்கிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் புத்தி போனது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அடுத்த திருவிழாவில் கரகம் நம் லயத்துக்கு முன்னால் வரும்போது, என் பிள்ளை கம்பு இல்லாமல் நின்று கரகம் எடுக்கிறவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் என்று நேர்ந்தேன். நேர்ந்ததோடு நிற்கவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

அந்த நாள் வந்தது. தப்பு அடித்துக்கொண்டு ஊர்வலம் திரும்பி நம் லயத்துக்கு வந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்து, “வேணாங்க, அது கம்போடயே ஊத்தட்டும், ஆத்தா கோவிச்சுக்க மாட்டா” என்றாள். நான் அவள் கையை உதறினேன். உன் கையிலிருந்த கம்பைப் பிடுங்கினேன். நீ விழவில்லை. லயத்துக்கு முன்னால் ஓடுகிற தண்ணீர்க் கானுக்கு ஒரு சிறு மதில் இருந்தது அல்லவா, அதில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாய். செம்புத் தண்ணீரை ஊற்றினாய். பத்து எண்ணும் நேரம் இருக்கும். மதிலை நான் பார்த்தேன், உன் அம்மா பார்த்தாள். மற்றவர்களுக்குப் பாவாடைதான் தெரிந்தது. தப்பு நின்றுவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ உன்னைத் தூக்கி விபூதி பூசினார்கள். நீ என் கையிலிருந்த கம்பைப் பார்த்தாய். அப்போதாவது நான் கம்பைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சாயங்காலம் தீமிதிக்கப் போட்ட பூக்குழியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் உனக்குக் கம்பு கிடையாது. அம்மன் குணமாக்கிய பிள்ளைக்குக் கம்பு எதற்கு? லயத்துச் சுவரைப் பிடித்து நடந்தாய். பள்ளிக்கூடப் பாதையில் தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து நடந்தாய். உள்ளங்கை எல்லாம் கீறல். ஸ்டோருக்குப் பக்கத்துப் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஓடி விழுந்துருச்சு” என்றேன். ஓடி. பாக்கியம், நான் செய்ததிலேயே எனக்கு ஆறாதது அந்த ஒரு வார்த்தைதான். கம்பைப் பிடுங்கியதுகூட ஒரு வெறியில் செய்தது, இதை நிதானமாக நின்று சொன்னேன்.

பன்னிரண்டு வயதில் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். பெரிய ஆம்பளைக் குடை ஒன்று வேண்டும் என்று கேட்டாய். வாங்கித் தந்தேன். இந்த மழை ஊரில் குடையோடு போகிற பிள்ளையை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அதை ஊன்றிக்கொண்டு நடந்தாய், வெயில் நாளிலும் நடந்தாய். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அது கம்பாக இல்லாமல் குடையாக இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். உன் கதையில் குடை இல்லை. கம்பு என்றே நேராக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் அன்று நான் பேசாமல் இருந்தேன், இப்போது புரிகிறதா?

சரி, கட்டுக்கு வருகிறேன். நீ போன அன்றைக்குச் சாயங்காலம் நான் அதைப் பிரித்தேன். நல்ல காகிதத்தில் சுற்றி அனுப்பலாம் என்று நினைத்துத்தான் பிரித்தேன், பிரித்தவன் புதிய அத்தியாயத்தைப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். எனக்குத்தான் எதையும் சத்தம் போட்டுப் படித்தே பழக்கம். நான் வருடா வருடம் கோயில் கூட்டத்தில் சொல்கிறேனே, திருவிழாவுக்குக் காப்புக் கட்ட நாள் குறிப்பதற்கு முன்னால் என்னை எழுந்து நிற்க வைத்து உன் கால் கதையைச் சொல்லச் சொல்வார்களே, அதை அப்படியே எழுதியிருந்தாய். என் சொல் ஒன்றைக்கூட விடவில்லை. மதிலை மட்டும் விட்டிருந்தாய். நான் விடுகிற அதே இடத்தில் நீயும் விட்டிருந்தாய்.

இஸ்தோப்பில் செல்வி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மருதாயியின் மகள், உனக்குத் தெரியுமே, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன வருடம் நம் லயத்துக்கு வந்தார்கள். ஆறு வயது. அதற்கும் உனக்கு வந்த மாதிரியே ஒரு காய்ச்சல், உனக்குப் போன மாதிரியே ஒரு கால். நான் படித்து முடித்ததும் அந்தப் பிள்ளை கேட்டது, “எனக்கு எப்ப தாத்தா?”

“என்ன எப்ப?” என்றேன்.

“காலு. அம்மா சொன்னிச்சு, கம்பு வச்சுக்கிட்டா ஆத்தா வரமாட்டாளாம். நான் கம்ப விட்டுட்டேன் தாத்தா. காலு சரியானதும் பள்ளிக்கூடம் போவேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த புதிதில் அந்தப் பிள்ளையிடம் ஒரு கம்பு இருந்தது. போன வருடக் கூட்டத்தில் நான் பேசியதை மருதாயி முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். அதற்குப் பிறகு பிள்ளை தரையில் குந்திக் குந்தித்தான் நகர்கிறது. நான் தினமும் பார்க்கிறேன், தாண்டிப் போகிறேன். நீ லீவில் வந்தபோது, “அக்கா கொஞ்சம் சாஞ்சு நடக்குறாங்களே மாமா?” என்று மருதாயி என்னைக் கேட்டாள். “அது பழக்க தோசம் தாயி, காலு நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னேன். கேட்கிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய வாக்கு என்று நான் நினைக்கவில்லை.

போன ஞாயிறு கோயில் கூட்டம். வழக்கம் போல என்னை எழுப்பினார்கள். எழுந்தேன். “எம் மகளுக்குக் காலு சரியாகல. அன்னைக்கு அது கான் மதில்ல சாஞ்சு நின்னுச்சு. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் இத்தன வருசமா பொய் சொன்னேன்” என்றேன். கல்லெறி விழும், கோயிலை விட்டுத் தள்ளி வைப்பார்கள் என்று நினைத்தேன். வயதான கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார், “உக்காருப்பா. எட்டு வருசமா வெயில்லயும் குடை ஊனிக்கிட்டுப் போற புள்ளைய நாங்க பாக்காமயா இருந்தோம்? நீயா சொல்லட்டும்னு விட்டோம்.” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், அவர்கள் இலையைப் பார்க்காத மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமா, நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை.

மருதாயி சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். “உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. ஒரு வருசமா எம் புள்ளயத் தரையில தேய விட்டிருக்கேன் மாமா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. அதுக்கு யாரு என்ன சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள். கங்காணி மறுபடி வெற்றிலைப் பையைத் துழாவினார். நான் அவள் காலில் விழப் போனேன். விலகிப் போய்விட்டாள். மூன்று நாள் எங்கள் வாசல் பக்கம் அவள் திரும்பவில்லை, பிள்ளையையும் விடவில்லை. உன் அம்மாதான் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அவளிடம் ஏதோ பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று கேட்டால், “பொம்பளைங்க பேச்சு ஒங்களுக்கு எதுக்கு” என்கிறாள்.

புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. யாராவது உன்னிடம், நல்லதுக்காக மாற்றிச் சொல் என்றால், அது யாருக்கு நல்லது என்று ஒரு தடவை கேள். நான் சொன்னாலும் கேள். உன்னைப் பெண் பார்க்க யாராவது வந்தால் குடையை உள்ளே வைத்துவிட்டுக் கம்போடு வந்து நில். அதைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவன் சீக்கிரமே போகட்டும். ‘மாத்திக் குடுத்துரு’ என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தோடு கதைக் கட்டையும் இரண்டு கடைசி அத்தியாயத்தையும் உனக்கே அனுப்புகிறேன். எதைக் கொழும்புக்கு அனுப்புவது என்பது உன் பாடு. மணி அடிக்கிற முடிவோடு அனுப்பினால் அவர் அச்சில் போடாமல் விடலாம். உன் முதல் புத்தகம் வராமலே போகலாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உட்கார முடியவில்லை. ஆனால் நேற்றுச் சாயங்காலம் நடந்ததையும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

நேற்று மருதாயி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. “இன்னொரு முடிவு இருக்காம்ல. அதைப் படிச்சுக் காட்டுங்க” என்று இஸ்தோப்பில் செல்வியை இறக்கி விட்டுவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ வீட்டில் விட்டுப்போன பழைய அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் கிளம்புகிறாள், படியில் உட்கார்ந்து இளைப்பாறுகிறாள், போய்ச் சேருகிறாள், மணி அடிக்கிறாள். முடித்துவிட்டுச் செல்வியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கால் எப்போது வரும் என்று மறுபடி கேட்டால் என்ன சொல்வேன்?

அந்தக் கேள்வி வரவில்லை. “தாத்தா, அந்தக் கம்பு எந்த மரத்துல வெட்டுனது?” என்று கேட்டது.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். நீ எழுதவில்லை. கொய்யாவா, சவுக்கா, வேறு ஏதாவதா என்று உடனே எழுதி அனுப்பு. மருதாயி தன் புருஷனிடமிருந்து செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

உன் அப்பா